கிணற்றை வெட்டியவன் யார்?

பாடம் சொல்லிக் கொடுப்பவரை எந்த அரசும் பொறுத்துக் கொள்ளும். கேள்வி கேட்டு, விடையை மாணவன் வாயிலிருந்தே வரவழைப்பவரைக் கண்டால்தான் ஆதிக்கக்காரர்களுக்குக் காய்ச்சல் வருகிறது. ஏன்? பிரேசில் நாட்டில் நடந்த ஒன்றைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

1963-ஆம் ஆண்டு. அந்நாட்டின் வறண்ட வடகிழக்கில் அங்கிக்கோஸ் என்ற சிற்றூர். எழுத்தறியாத உழைப்பாளிகள் 300 பேர் அளவில் அங்கே படிக்க வந்தனர். கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே வகுத்த முறை அது. எடுத்த எடுப்பில் எழுத்தைக் காட்டுவதில்லை, படத்தைக் காட்டுவார்கள். மண்வெட்டியோடு ஒரு மனிதன்; பக்கத்தில் கிணறு, வீடு, மரம். கிணற்றை வெட்டியவன் யார்? எதற்காக வெட்டினான்? எதைக் கொண்டு வெட்டினான்? சரி, மரத்தைச் செய்தவன் யார்? மரம் தானே முளைத்தது, கிணறு மனிதன் கையால் ஆனது என்பதைப் படிக்க வந்தவர்களே கண்டு சொல்ல வேண்டும். தனக்கு ஒன்றுமே தெரியாது என்று கூனிக் குறுகி வந்தவன், உலகத்தை ஆக்கியதில் தன் கைக்கும் பங்குண்டு என்று நிமிர்ந்து உட்காருவான். எழுத்து அதற்குப் பிறகுதான்!

செங்கல்லுக்கு அவர்கள் மொழியில் ‘திஜோலோ’. அதைத் தி, ஜோ, லோ என்று பிரித்து, ஒவ்வொன்றின் இனத்தையும் வரிசையாக எழுதிக் காட்டுவார்கள். இவற்றைச் சேர்த்து என்னென்ன சொல் ஆக்கலாம்? ‘லு’வையும் ‘தா’வையும் சேர்த்தால் ‘லுதா’. பொருள் என்ன தெரியுமா? போராட்டம்! செங்கல்லுக்குள் போராட்டம் இருப்பதை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை.

பகலெல்லாம் உழைத்துக் களைத்தவனிடம் கேள்வியா, விடையைச் சொல்லி அனுப்பினால் ஆகாதா என்பர் சிலர். அங்கிக்கோசில் ஆன நேரம் மொத்தம் 40 மணி. நம் பயிற்சி வகுப்புகளையும் பார்க்கிறோமே! ஒன்றரை மணி நேரம் முழங்கிவிட்டு, ‘புரிந்ததா?’ என்கிறார் பேச்சாளர். ‘புரிந்தது’ என்கிறது கூட்டம். வீட்டுக்குப் போக விடை கேட்கும் குரல் அது! விடை தெரிந்தவர் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது, முழங்குவதைவிடக் கடினமான வேலை.

எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அன்றைய பிரேசிலில் வாக்குரிமை இல்லை. 300 பேர் பல இலட்சம் ஆனால் யார் நாற்காலி ஆடும்? 1964-இல் படையினர் ஆட்சியைப் பறித்தனர். எழுத்தறிவுத் திட்டத்தைக் கைவிட்டனர். ஃப்ரெய்ரேயைச் சிறையில் தள்ளினர். பிறகு நாட்டை விட்டு வெளியேறியவர் 1980-இல்தான் திரும்பினார். எழுத்தறியாதவர்களுக்கு வாக்குரிமை அங்கே 1985-இல் வந்தது.