சேமநிதியில் எழுதும் பெயர் யாருக்கு?

கடைச் சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்று பத்து முறை யோசிக்கும் நம் முஸ்லிம் வணிகர்கள், ஊழியர் சேமநிதியில் யார் பெயரை எழுதுவது என்று ஒரு முறைகூட யோசிப்பதில்லை. 1951 முதல் மலேசியாவில் நடந்துவரும் இந்தச் சேமிப்பு, பலருக்கு வாழ்நாளின் பெரும் தொகை.

சிலர், "பெயர் கொடுப்பது சாவைக் கூப்பிடுவது மாதிரி" என்று தள்ளிப்போடுகிறார்கள். சிலர், "பராயிழ் சட்டம் இருக்கிறதே, பெயர் எதற்கு?" என்கிறார்கள். பங்கு எவ்வளவு என்பதைத்தான் பராயிழ் சொல்லும். பணத்தை வாங்கிவர ஓர் ஆள் வேண்டாமா? பெயர் இல்லாவிட்டால், பெருந்தொகையைப் பெற வாரிசுகள் பத்திரங்களுக்காக அலைய நேரும்.

இன்னும் சிலர், "மனைவி பெயரை எழுதிவிட்டேன், எல்லாம் அவளுக்கே" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இதுதான் பெரிய பிழை. பக்கத்துக் கடை இந்து நண்பர் எழுதிய பெயருக்குரியவர் பணத்தைத் தமக்கே பெறுவார். முஸ்லிம்களுக்கு அப்படியன்று. பெயர் எழுதப்பட்டவர் வஸீ, அதாவது பொறுப்பாளர் மட்டுமே என்று தேசிய ஃபத்வா குழு 1973-லேயே தீர்மானித்துவிட்டது. அவர் பணத்தை வாங்கி, மார்க்கப்படி அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவற்றை முடித்து, மீதியை வாரிசுகளுக்குப் பிரிக்க வேண்டும். மொத்த வியாபாரியிடம் நின்ற பாக்கியும் கடன்தான்.

எல்லாம் போக 240,000 வெள்ளி மிஞ்சியதாக வைப்போம். வாரிசுகள் தாய், மனைவி, ஒரு மகன், இரு மகள்கள். தாய்க்கு ஆறில் ஒன்று, 40,000. மனைவிக்கு எட்டில் ஒன்று, 30,000. மகனுக்கு 85,000, மகள்களுக்கு ஆளுக்கு 42,500. மனைவியே பொறுப்பாளர் என்றாலும், அவர் கைக்கு வந்த முழுத்தொகையில் அவருடையது 30,000 மட்டுமே. இதை அறியாமல் அவர் செலவழித்தால், மாமியாருக்கும் மருமகளுக்கும் தீராத பகை.

ஆகவே பாசத்தை மட்டும் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள். கணக்குத் தெரிந்தவரா, கைசுத்தமானவரா என்று பாருங்கள். அவரையும் வீட்டாரையும் ஒன்றாக உட்காரவைத்து, "இது உன் பணமன்று, உன்னிடம் தரும் அமானிதம்" என்று சொல்லுங்கள். கடன் சிட்டை எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிவையுங்கள்.

வருடந்தோறும் கடை இருப்பைக் கணக்கெடுக்கிறோம். அந்த நாளில் இந்தப் பெயரையும் ஒரு முறை சரிபார்ப்போம்.