ஒன்றுக்கு சைபர் என்றால் போரா?

பேஸ்பால் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் முதல் புகார் இதுதான்: "மூணு மணி நேரம் ஆடி ஒண்ணுக்கு சைபரா? செம போர்!" நம்மவர்கள் சொன்னால் விட்டுவிடலாம். அந்த விளையாட்டை நடத்துகிறவர்களே பல வருடங்களாக இப்படி நினைக்கிறார்களே, அதுதான் கொடுமை.

1968-ல் செயின்ட் லூயிஸ் அணியின் பாப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக 1.12 ஓட்டம்தான் கொடுத்தார். அந்த வருடம் அமெரிக்கன் லீகில் பேட்டிங் பட்டம் வாங்கியவரின் சராசரியே .301 தான். நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? 1969-ல் பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தது. ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கியது. நன்றாகப் பந்து போட்டதற்கு தண்டனை!

சரி, ஓட்டமே வராத ஆட்டம் எப்படித்தான் இருக்கும்? 1991 அக்டோபர் 27, மினியாபொலிஸ். உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். மினசோட்டா ட்வின்ஸுக்கு 36 வயது ஜாக் மோரிஸ். அட்லாண்டா பிரேவ்ஸுக்கு 24 வயது ஜான் ஸ்மோல்ட்ஸ். ஏழு இன்னிங்ஸ் முடிந்தும் இருவரும் ஒரு ஓட்டம் கூடக் கொடுக்கவில்லை.

எட்டாவது இன்னிங்ஸில் பிரேவ்ஸின் டெரி பெண்டில்டன் பந்தை இடைவெளியில் பலமாக அடித்தார். முதல் பேஸிலிருந்து ஓடிய லோனி ஸ்மித் பந்து எங்கே என்று தெரியாமல் இரண்டாம் பேஸில் தயங்கி நின்றுவிட்டார். மூன்றாம் பேஸுக்கு மேல் போக முடியவில்லை. இன்னும் ஒருவரும் அவுட் ஆகவில்லை. இருந்தும் மோரிஸ் ஓட்டம் தராமல் தப்பித்தார், கடைசியில் ஒரு டபுள் பிளேயில். அதே இன்னிங்ஸில் ட்வின்ஸும் மூன்று பேஸையும் நிரப்பி, அதே போல டபுள் பிளேயில் கோட்டை விட்டது. பத்து ஓட்டம் வித்தியாசத்தில் இருக்கும் ஆட்டத்தில் அந்தத் தயக்கத்தை யார் கவனித்திருப்பார்கள்? சைபரில் நின்றதால்தான் இன்றும் பேசுகிறார்கள்.

பத்தாவது இன்னிங்ஸையும் மோரிஸே போட்டார். மொத்தம் 126 பந்து. கீழ்ப்பாதியில் டேன் கிளாடன் மட்டை உடைந்த அடியிலேயே இரண்டு பேஸ் ஓடினார். நாப்லாக் பண்ட் செய்து அவரை மூன்றுக்கு நகர்த்தினார். ஜீன் லார்கினின் அடியில் ஓட்டம் வந்தது. 1-0. ட்வின்ஸ் சாம்பியன்.

இப்போது பாருங்கள். 2020-லிருந்து லீக் ஆட்டங்களில் பத்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போதே இரண்டாம் பேஸில் ஒரு ஆளை இலவசமாக நிறுத்துகிறார்கள். 2023-ல் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆனால் பிளே-ஆஃபிலும் உலகத் தொடரிலும் இந்தச் சலுகை கிடையாது. ஏனய்யா? நல்ல விதியென்றால் பெரிய ஆட்டத்துக்கும் வையுங்களேன்! அங்கே ஓட்டத்தை உழைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஆட்டம் இழுக்கிறது என்ற புகாரில் நியாயம் உண்டு. அதற்குத்தான் 2023-ல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள், நல்ல காரியம். வீணான நேரத்தை வெட்டுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? சைபரை ஏன் வெட்டுகிறீர்கள்?

எண்ணிக்கை ஏறினால்தான் ஆட்டம் என்பவர்கள் ஸ்கோர்போர்டைத்தான் பார்க்கிறார்கள், ஆட்டத்தை அல்ல. என்ன சொல்கிறீர்கள்?