இராத்திரி ஆட்டமும் விடிகாலைப் பெரட்டும்

எலிக்காய்ச்சல், டிங்கி, இனிப்புநீர், பூச்சிமருந்து நஞ்சு என்று எழுதிவரும் இந்தப் பகுதியில் கைப்பேசி விளையாட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் எங்கள் தோட்ட ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கே விளங்கும். கட்டைவிரல் வலி, கண் எரிச்சல், தலைவலி என்று எம்.சி. கேட்டு வரும் இளைஞர்களில் பாதிப்பேர் சனிக்கிழமை இரவு தூங்காதவர்கள். "எங்கேப்பா போயிருந்தே?" என்று கேட்டால், "டோர்னமெண்டுக்கு, டிரெஸ்ஸர்" என்பார்கள்.

இ-ஸ்போர்ட்ஸ் என்கிற இந்த மின்னியல் விளையாட்டைப் பெரியவர்கள் பலர் சூதாட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. நம் பையன்கள் அதிகம் ஆடுவது 'மொபைல் லெஜண்ட்ஸ்'. பக்கத்துக்கு ஐந்து பேர், எதிராளியின் கோட்டையை உடைத்தவர் வென்றவர். ஓர் ஆட்டம் சுமார் பதினைந்து, இருபது நிமிடம். கபடி போல இதற்கும் கூட்டாளி வேண்டும், கண்ணும் கையும் ஒன்றாக ஓட வேண்டும். 2024 ஜூலையில் ரியாத் நகரில் நடந்த போட்டியில் 'சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ்' என்ற நம் மாநிலக் குழு பிலிப்பைன்ஸ் குழுவை 4-3 என்று வென்று பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு வாங்கியது. இதே விளையாட்டின் உலகப் போட்டி 2019இலும் 2024இலும் கோலாலம்பூரில் நடந்தது. 2019இல் அது நடந்த புக்கிட் ஜாலில் உள்ளரங்கம் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக எழுந்த வட்டாரத்தில் இருக்கிறது. அந்த மண் ஒரு காலத்தில் நம்மவர்கள் பால் வெட்டிய ரப்பர்த் தோட்டம். இதை நான் சொன்னபோது எங்கள் பையன்கள் நம்பவே இல்லை.

ஆகவே, போனைப் பிடுங்கி உடைத்துப் போடு என்று சொல்கிறவன் நான் அல்லன். எங்கள் தோட்டத்திலும் ஒரு குழு உண்டு. இருவர் குலை வெட்டுகிறவர்கள், ஒருவர் துறைமுகத்தில் வேலை, மற்ற இருவரும் படிவம் ஐந்து மாணவர்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களோடு ஒரு பெரியவர் வரவேண்டும் என்றதால் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் நானும் போக ஆரம்பித்தேன். பிறகு ஏற்பாட்டாளர்களே முதலுதவி மேசையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெயர் பதிவது, ஆட்ட அட்டவணை எழுதுவது, நாற்காலி தூக்குவது எல்லாம் இப்போது எனக்கும் பழக்கம். அங்கே நான் கண்ட கெடுதல் விளையாட்டில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 குழுக்கள் கலந்துகொண்டால் மொத்தம் 31 மோதல்கள். மூன்றில் இரண்டை வென்றால் போதும் என்று வைத்தாலும், ஆள் தேர்வோடு சேர்த்து ஒரு மோதலுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். முதல் இரண்டு சுற்றை ஒரே சமயத்தில் பல மேசைகளில் முடித்துவிடலாம். கால் இறுதி தொடங்கிவிட்டால் கூட்டம் பார்க்க வேண்டுமே என்று ஒவ்வொன்றாக மேடையில் ஏற்றுவார்கள். அதற்கு மட்டும் ஏழு மோதல். இணையம் ஒருமுறை அறுந்தால் அரைமணி போச்சு. பகல் இரண்டு மணிக்குத் தொடங்கியது இரவு ஒரு மணிக்கும் முடியாது.

இப்போது குலை வெட்டும் பையனை நினையுங்கள். சனிக்கிழமை பெரட்டுக்காக அவன் எழுந்தது விடிகாலை ஐந்து மணி. இரவு பத்து மணிக்கெல்லாம் அவன் கண் விழித்துப் பதினேழு மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் சோதித்துச் சொன்னது இது: பதினேழு மணி நேரம் தூங்காதவனின் கையும் புத்தியும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவனைப் போலத் தடுமாறுகின்றன. 24 மணி நேரம் ஆனால் அது 0.10. நம் நாட்டில் 2020இல் திருத்திய சட்டப்படி மது குடித்து வண்டி ஓட்டுவதற்கான வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம். அதாவது அதே 0.05. ஒரு சொட்டுக் கள்ளும் தொடாத பிள்ளை, குடிகாரன் நிலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் ஓட்டிக்கொண்டு வருகிறான். பின்னால் இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். நள்ளிரவுக்கு மேல் கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு ரயிலும் இல்லை. கண் திறந்திருக்கும்போதே மூளை இரண்டு மூன்று விநாடி தூங்கிவிடும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் அறுபது மீட்டருக்கு மேல், தோழர்களே. இதற்கு என் மேசையில் கட்டும் இல்லை, மருந்தும் இல்லை.

நாம் சங்கம் வைத்து எதற்குப் போராடினோம்? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் என்ன இருக்கிறது? ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடையில் அரைமணிக்குக் குறையாத ஓய்வு வேண்டும், தொடக்கம் முதல் முடிவு வரை பத்து மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. 1966ஆம் ஆண்டு சட்டம் பதினெட்டு வயது ஆகாதவர்களைப் பொதுவாக இரவு எட்டு மணிக்குமேல் வேலைக்கு வைக்காதே என்கிறது. போட்டி ஆடுவது வேலை அல்ல, ஆகவே இந்தச் சட்டங்கள் அங்கே செல்லாது. ஆனால் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? நுழைவுப் பணம் கொடுத்தவன் என்பதற்காக அவன் தண்டுவடம் இரும்பாகிவிடுமா?

தென்கொரியா 2011இல் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை இணைய விளையாட்டு ஆடக்கூடாதென்று சட்டம் போட்டது. பத்து ஆண்டு கழித்து அதை எடுத்துவிட்டது. வீட்டுக்குள் புகுந்து தடுப்பது அரசாங்கத்தால் ஆகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. மண்டபத்தின் விளக்கை இரவு ஒன்பது மணிக்கு அணைப்பது ஏற்பாட்டாளரால் ஆகும்.

அடுத்தது அந்த டின் பானம். 250 மில்லி டின் ஒன்றில் சுமார் 80 மில்லிகிராம் கஃபீன், அதோடு ஐந்து ஆறு கரண்டி சீனி. பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் இது வேண்டவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011இலேயே சொல்லிவிட்டது. காலையில் பசியாறாமல், மத்தியானம் சோறும் இல்லாமல், மூன்று டின்னைக் குடித்துவிட்டு "நெஞ்சு படபடக்குது அங்கிள்" என்று ஒரு பையன் என்னிடம் வந்தான். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தேன். படபடப்பு அடங்கும் வரை நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் இப்படிக் காத்திருக்கக்கூடாது. உடனே 999.

கட்டைவிரல் வலிக்கு வருவோம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஓடும் தசைநார் உறை வீங்குவதை 1895இல் சுவிஸ் மருத்துவர் டி குவெர்வைன் எழுதி வைத்தார். நோய்க்கும் அவர் பெயரே. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கித் தாய்மாருக்கும் இது வரும். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாயுங்கள். மணிக்கட்டில் சுரீர் என்று இழுத்தால் பெரும்பாலும் அதுதான். குலை வெட்டுகிறவருக்கு இது இரட்டைச் சுமை. பகலெல்லாம் அரிவாள் கழியை இறுக்கிப் பிடித்த அதே நரம்பை இரவெல்லாம் திரையில் ஓட்டுகிறார். கண்ணுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பாருங்கள். ஒவ்வொரு மோதல் முடிந்ததும் எழுந்து நடந்தால் காலிலும் இரத்தம் தேங்காது.

"இது பைத்தியமா டிரெஸ்ஸர்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று உண்டுதான். ஆனால் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாகிப் போவது, கேடு வந்தும் விடாமை, இந்த மூன்றும் சேர்ந்து படிப்பையும் வேலையையும் குடும்பத்தையும் கெடுக்க வேண்டும். அதுவும் பொதுவாக ஒரு வருடமாவது நீடிக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் பழகி, மாதம் ஒரு போட்டிக்குப் போய், திங்கட்கிழமை பெரட்டுக்கு நிற்கிற பையனுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. (தினமும் கள்ளுக்கடையில் இருட்டும் வரை உட்கார்ந்திருக்கும் அப்பன், மகன் கையில் போனைக் கண்டதும் குதிப்பதையும் பார்க்கிறேன்.)

எங்கள் குழு இப்போது பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேட்கிறது. எத்தனை மணிக்கு முடியும்? சாப்பாட்டுக்கு எப்போது நிறுத்துவீர்கள்? வயது குறைந்தவர்களின் ஆட்டத்தை முதலில் வைப்பீர்களா? பரிசுப் பணம் எந்த நாளில் வரும்? ஓர் ஏற்பாட்டாளர் "இஷ்டமில்லைன்னா வராதீங்க" என்றார். போகவில்லை. இன்னொருவர் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தொடக்கத்தை மாற்றினார். 32 குழுவை 16 ஆகக் குறைத்து, இரவு ஏழரைக்குப் பரிசு கொடுத்து முடித்தார். பையன்கள் கடைசி கொமுட்டருக்கு ஓடாமல் நிதானமாக வீடு வந்தார்கள். அன்று நாங்கள் அரை இறுதியில் தோற்றோம்.

மணிக்கட்டு வலி உள்ளவர்கள் வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட வேண்டாம். இரண்டு வாரம் ஆட்டத்தை நிறுத்தி, பத்து நிமிடம் ஐஸ் ஒற்றடம் கொடுத்தும் குறையவில்லை என்றால் உங்கள் தோட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேர ஆட்டம் என்று இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.