காய் நம்முடையது, பெயர் ஆலப்புழையுடையது

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் ஜும்ஆ முடிந்து வெளியே வரும் நம்மைப் பெற்றோர் நிறுத்திக் கேட்கும் கேள்வி சில ஆண்டுகளாக மாறியிருக்கிறது. "ஹஜ்ரத், பையன் விஸ்காம்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அது சினிமாக்காரங்க படிப்பாச்சே, சேர்க்கலாமா?" மகளைப் பற்றிய கேள்வி என்றால் குரல் இன்னும் தாழ்ந்து வருகிறது.

பதில் போடிநாயக்கனூரிலேயே இருக்கிறது என்பது நம் எண்ணம்.

இடுக்கி மலையில் பறித்த பச்சைக்காயை ஸ்டோரில் போட்டு உலர்த்துகிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் தேறும். பிறகு அது நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. அந்த ஏலம் கேரளத்தின் புற்றடியிலும் நம் போடியிலும் நடக்கிறது. வாங்கிய காயைச் சலித்து, 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று பருமன் பார்த்து, வெடித்ததையும் நிறம் மங்கியதையும் பொறுக்கி ஒதுக்குபவர்கள் போடி குடோன்களில் வேலை பார்க்கும் பெண்கள். விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு வழியாகத் தோட்டத்துக்குப் போகிறவர்களிலும் பெண்களே அதிகம்.

இத்தனைக்கும் பிறகு அந்தக் காய் எந்தப் பெயரில் கடல் கடக்கிறது? 'ஆலப்புழை பச்சை ஏலக்காய்' என்று. ஆலப்புழை மாவட்டத்தில் மலையே கிடையாது! திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் ஏலக்காய் அரசின் ஏகபோகச் சரக்கு. மலையிலிருந்து இறக்கி, ஆலப்புழைக் கிடங்கில் சேர்த்து விற்றார்கள். விற்ற ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. புவிசார் குறியீடும் அந்தப் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. ஆம்பூர் என்றால் பிரியாணி என்று சிறு பிள்ளையும் சொல்லும். போடி என்றால் என்னவென்று சென்னையில் கேட்டுப் பாருங்கள்.

உம்ராவுக்குப் போய் வந்தவர்களுக்கு அரபிகளின் கஹ்வாவில் ஏலக்காய் மணப்பது தெரியும். ஆனால் அந்தச் சந்தையின் பெரும்பங்கு இன்று குவாத்தமாலாவிடம் இருக்கிறது. ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கொண்டுபோய் நட்ட பயிர் அது. அவர்கள் காய் விலை குறைவு. விலையில் நாம் அவர்களோடு மோத முடியாது. மணத்தையும் நிறத்தையும் எடுத்துச் சொல்லித்தான் விற்க வேண்டும். அப்படிச் சொல்லும் ஆட்கள் நம்மிடம் மிகக் குறைவு.

மல்டிமீடியா கதைசொல்லல், பிராண்டு மேனேஜ்மென்ட் என்றெல்லாம் பெரிய பெயரில் சொல்லப்படும் வேலை இங்கே இதுதான். ஒரு சரக்கு எங்கிருந்து வருகிறது, யார் கை பட்டு வருகிறது என்பதைப் படமாக, குரலாக, எழுத்தாக வாங்குபவரிடம் கொண்டு சேர்ப்பது ஒரு பகுதி. என்ன பெயர், என்ன விலை, பொட்டலத்தில் என்ன வாக்குறுதி, புகார் வந்தால் என்ன பதில் என்று முடிவெடுப்பது இன்னொரு பகுதி. கேமரா பிடிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவது பகுதியைக் கற்றவருக்குத்தான் நிலையான வேலை கிடைக்கிறது.

அரபிக் கல்லூரியில் 'பலாகா' ஓதியபோது கேட்பவரின் நிலை அறிந்து பேசு என்று நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு பி.ஏ. வகுப்பில் விளம்பரக் கலை என்று வேறு பெயரில் அதையே படித்தபோது சிரிப்பு வந்தது. ஹதீஸ் கலையில் 'சனத்' பார்ப்போம். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். இன்று வெளிநாட்டு வியாபாரி ஏலக்காய்க்குக் கேட்பதும் அதேதான்: எந்தத் தோட்டம், எந்த மருந்து, எந்தத் தேதியில் உலர்த்தியது. பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று சவூதியிலிருந்து நம் சரக்கு திரும்பியதும் உண்டு. அந்தச் சங்கிலி இல்லாமல் எடுத்த வீடியோவை யாரும் நம்பப்போவதில்லை.

இந்தத் தொழிலில் நமக்கு அச்சமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. மங்கிய காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றும் பழக்கம் இருக்கிறது. வாரியமே எச்சரிக்க வேண்டி வந்தது. அந்தக் காயையும் நல்ல வெளிச்சத்தில் அழகாகப் படம் பிடிக்கலாம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த செய்தி நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. வீடியோ எடுக்கும் பிள்ளை குவியலின் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறான் என்பதுதான் இங்கே ஹலால், ஹராம் பற்றிய கேள்வி. அவன் கேமரா பிடிப்பது அல்ல.

சட்டமும் இங்கே கண்டிப்பானது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். தயாரிப்பாளர் மட்டுமல்ல, பரிந்துரைத்துப் பேசியவரும் அதில் சிக்குவார். காசு வாங்கிக்கொண்டு ரீல்ஸ் போடும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சொந்தமாகத் தொடங்க நினைக்கும் குடும்பத்துக்கு ஒரு செய்தி. ஆலப்புழைப் பெயர் ஒரு வட்டாரத்தின் பொதுச் சொத்து. அதைத் தனியொருவர் உரிமையாக்க முடியாது. ஆனால் உங்கள் சொந்தப் பெயரை வணிகக் குறியீடாகப் பதியலாம். தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு ரூ.4,500, பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வீட்டிலிருந்தபடியே பொட்டலம் கட்டி விற்கும் சகோதரிகளுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்ட அந்தத் தந்தையிடம், சேர்த்துவிடுங்கள் பாய் என்றோம். கூடவே ஒன்று கேட்டுக்கொண்டோம். கல்லூரி திறக்கும் முன் ஒரு மாதம் பையன் ஏலக்காய் குடோனில் உட்கார்ந்து காய் பொறுக்கப் பழகட்டும். பிறகு, அங்குள்ள பெண்கள் சம்மதித்தால், கையிலுள்ள போனில் மூன்று நிமிடப் படம் ஒன்று எடுக்கட்டும். அதை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டட்டும்.