அரிவாள் கணக்கில் கரையும் கருப்பை

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்களின் உடலில் ஏற்படும் ஹார்மோன் மாற்றங்கள் குறித்து நகரங்களில் இப்போது நிறையப் பேசப்படுகிறது. வரவேற்கத்தக்கதே. வெளியே சொல்லக் கூசி, நெடுங்காலம் மௌனத்தில் கிடந்த துன்பம் இது. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முடிகிறது: நவீன வாழ்க்கை முறையே காரணம், எனவே உணவை மாற்றுங்கள், நன்றாக உறங்குங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள், இந்த மாத்திரையை வாங்குங்கள். அறிவுரையில் பிழையில்லை. உறக்கமும் ஓய்வும் யாருடைய கையில் இருக்கின்றன என்ற கேள்விதான் எழுப்பப்படுவதில்லை.

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்துக்குச் சென்றால் இந்தக் கேள்வியைத் தவிர்க்க இயலாது. வறட்சியில் வாடும் மராத்வாடாவிலிருந்து ஆண்டுதோறும் பல லட்சம் தொழிலாளர்கள் மேற்கு மகாராஷ்டிராவுக்கும் கர்நாடகத்துக்கும் கரும்பு வெட்டப் புறப்படுகின்றனர். கங்காணியிடம் முன்பணம் பெற்று, அந்தக் கடனை உழைத்துக் கழிக்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ‘கோய்த்தா’, அதாவது ஓர் அரிவாள். இருவருக்கும் சேர்த்தே கணக்கு. தனக்கென ஒரு கூலி அந்தப் பெண்ணின் பெயரில் எழுதப்படுவதே இல்லை. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு அபராதமும் உண்டு. விடியலுக்கு முன்பே எழுந்து சமைத்து, பகல் முழுதும் குனிந்து கட்டுக் கட்டி, தலைச்சுமையாக லாரியில் ஏற்றுகிற பெண்ணுக்கு வயலோரக் கூடாரத்தில் கழிப்பறை இல்லை. போதிய தண்ணீரும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் மாதவிடாய் என்பது அபராதத்துக்குரிய குற்றமாகிவிடுகிறது. நோய்த்தொற்றும் மிகுந்த உதிரப்போக்குமாக மருத்துவரிடம் போகிறவர்களுக்கு, புற்றுநோய் வந்துவிடும் என்று அச்சமூட்டி, கருப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டதைப் பலர் சாட்சியமாகச் சொல்லியுள்ளனர். இரண்டு மூன்று பிள்ளைகள் பிறந்தாகிவிட்டது, இனி எதற்கு என்ற வாதமும் சேர்ந்துகொள்கிறது. சிகிச்சைச் செலவுக்கும் கடன். அந்தக் கடனுக்கு அடுத்த பருவத்தின் உழைப்பு அடமானம்.

2019-இல் இது செய்தியாகி, சட்டமன்றத்தில் எழுப்பப்பட்ட பிறகு, நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு ஒரு குழுவை அமைத்தது. பீட் மாவட்டத்தில் விசாரிக்கப்பட்ட சுமார் 82,000 பெண் கரும்புத் தொழிலாளர்களில் 13,000-க்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர்! தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் இந்த விகிதம் சுமார் 3 சதவீதம் மட்டுமே.

அறுவை சிகிச்சையோடு கதை முடிவதில்லை. சினைப்பைகளும் சேர்த்து எடுக்கப்பட்டால் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஒரேயடியாகச் சரிந்து, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் படிப்படியாக வரவேண்டிய மாற்றம் முப்பது வயதில் ஒரே நாளில் வந்து சேர்கிறது. சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவை சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துவிட வாய்ப்பு உண்டு. உடற்சூடு, உறக்கமின்மை, மூட்டுவலி, எலும்பு அடர்த்திக் குறைவு, இதயநோய் அபாயம் எனத் தொடரும் பட்டியலோடு அந்தப் பெண் மீண்டும் அதே கரும்புக் கட்டைத்தான் தூக்குகிறார்.

பீட் மட்டுமல்ல. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் காப்பீட்டுத் தொகைக்காகத் தேவையற்ற அறுவை சிகிச்சைகள் நடந்ததாகப் பொதுநல மனு தாக்கலானது 2013-இல். உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2023 ஏப்ரலில். ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022-இல் வகுத்த வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களில் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு அத்தீர்ப்பு ஆணையிட்டது. ஒரு வழிகாட்டுதலுக்கும் ஒரு தீர்ப்புக்கும் பத்தாண்டுகள். நாட்டில் நடைபெறும் இத்தகைய சிகிச்சைகளில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில்தான் நடக்கிறது என்பதை அரசின் கணக்கெடுப்பே காட்டுகிறது. பொது மருத்துவமனையில் மகளிர் மருத்துவர் இல்லாத வட்டாரத்தில், பணம் பெற்றுக்கொண்டு கத்தியை எடுப்பவரே ஆலோசகரும் ஆகிறார்.

அரசின் பார்வையும் இதற்கு ஏற்றாற்போலவே அமைந்திருக்கிறது. குழந்தை பெறும் வரைதான் பெண் அதன் கண்ணுக்குத் தெரிகிறாள். குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண்களிடம் கேள்வி கேட்பது 49 வயதோடு நின்றுவிடுகிறது; ஆண்களிடம் 54 வயது வரை கேட்கப்படுகிறது! மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கான ஆலோசனையும் எலும்புப் பரிசோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை, மகப்பேறு உதவிக்கான கோரிக்கைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

மருத்துவத் துறையில் மட்டும் இதற்குத் தீர்வு இல்லை. இணையர் கணக்கை ஒழித்துப் பெண்ணுக்குத் தனிக் கூலி, விடுப்பு நாளுக்கு அபராதம் இல்லை என்ற எழுத்துபூர்வ உறுதி, வயலோரத்தில் கழிப்பறையும் தண்ணீரும், தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவப் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் சர்க்கரை ஆலை நிர்வாகங்களிடம் கேட்கப்பட வேண்டியவை. வெட்டுகிறவர் எங்கள் தொழிலாளி அல்ல, கங்காணியின் ஆள் என்று ஆலைகள் கை கழுவுவதை இனியும் அனுமதிக்கலாகாது. போராட்டத்தின் பலனாக 2024 ஜனவரியில் வெட்டுக்கூலி 34 சதவீதம் உயர்ந்தது பெரிய வெற்றிதான். ஆனால் டன்னுக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கு உயர்ந்தாலும், ஓய்வு நாள் இல்லாத கோய்த்தா அப்படியே இருக்கிறது. கோரிக்கைச் சாசனத்தில் கூலி விகிதத்துக்கு அடுத்த வரியில் இது இடம்பெற வேண்டும். பெண்களுக்கான தனிப்பிரிவில் கடைசி அம்சமாக அல்ல.

தசரா முடிந்ததும் வண்டிகள் புறப்பட்டுவிடும். முன்பணம் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கைமாறுகிறது. ஒப்பந்த நிபந்தனைகளைப் பேசுவதற்கான காலமும் அதுவே.