தெருவுக்கு வந்த ஜெனரேட்டர்

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இப்பகுதியினர் இன்றும் மறக்கவில்லை. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. மின்சாரம் இல்லையென்றால் விளக்கு மட்டுமா அணைகிறது? மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீரும் ஏறுவதில்லை. ஆகவே அந்நாட்களில் ஊர்களுக்கு ஜெனரேட்டர்கள் கொண்டுவரப்பட்டு, மோட்டார்கள் இயக்கப்பட்டன. 2018 நவம்பரில் ‘கஜா’ புயல் தாக்கியபோது டெல்டா மாவட்டங்களிலும் இதுவே நடந்தது.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியுள்ள குடிகாட்டைப் போன்ற ஊர்களுக்கு இயந்திரங்கள் புதியவை அல்ல. ஆயினும் ஆலைக்குள் இருக்கும் ஜெனரேட்டருக்குச் சிமெண்டு மேடை உண்டு, பயிற்சி பெற்ற ஆள் உண்டு. அதுவே டிரெய்லரில் ஏறித் தெருவுக்கு வரும்போது, அதற்குப் பொறுப்பாளர் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த குடும்பத் தலைவரே. கொண்டுவந்தவர் இயக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். ஆதலால் இதனைப் பற்றிச் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, வண்டி நிற்கும் இடம். இரண்டு சக்கர டிரெய்லருக்கு மாட்டுவண்டியின் ஏர்க்காலைப் போல முன்னே ஓர் இழுவைக் கம்பி நீண்டிருக்கும். மாட்டை அவிழ்க்குமுன் வண்டிக்கு முட்டுக் கொடுப்பது நம் பெரியோர் அறிந்த முறை. இங்கும் டிராக்டரிலிருந்து கழற்றுமுன்பே சக்கரங்களின் இருபுறமும் கட்டை வைத்து, தாங்கு கால்களை இறக்கிவிட வேண்டும். மழை பெய்து இளகிய மண்ணிலும் மணலிலும் தாங்கு கால் புதைந்துவிடும். அதனடியில் அகலமான பலகை இடுக. என்ஜின் ஓடும்போது எழும் அதிர்வு, சிறு சரிவிலும் வண்டியை மெல்ல நகர்த்திவிடும்.

அடுத்தது புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே மடிவர். மழைக்கு அஞ்சித் திண்ணையிலோ, தாழ்வாரத்திலோ, மாட்டுக் கொட்டகையிலோ ஜெனரேட்டரை வைப்பது பெருந்தவறு. வீட்டின் கதவு, சன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி நிறுத்துக. நம் கடற்கரையில் இன்னொன்றையும் எண்ண வேண்டும்: பகலில் கடலிலிருந்து வீசும் காற்று இரவில் பெரும்பாலும் நிலத்திலிருந்து திரும்பி வீசும். மாலையில் வீட்டைவிட்டு விலகிச் சென்ற புகை, நள்ளிரவில் அதே வீட்டுக்குள் நுழையக்கூடும். ‘சைலன்ட்’ ஜெனரேட்டர் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தப் பெட்டி ஓசையைத்தான் அடக்குகிறது, நஞ்சை அல்ல.

டயரின் மீது நிற்கும் வண்டி மண்ணோடு தொடர்பற்றது. உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் இரும்புக் கூடு முழுவதும் மின்சாரம் பாய்ந்து நிற்கும். அதில் கை வைப்பவர் உடல்வழியாகவே அது மண்ணுக்கு இறங்கும். இதற்காகவே ஜெனரேட்டரின் கூட்டுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டுமென மின் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. ஆற்றோர ஈரமண்ணில் எர்த் நன்கு பிடிக்கும். காய்ந்த மணலில் கம்பியை ஆழமாக இறக்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஓர் ஆணியை அடித்து அதில் வயரைச் சுற்றிவிடுவது எர்த் ஆகாது. மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்தியிருக்கிறோம் என்று சிலர் நிம்மதியடைகின்றனர். ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாதிருந்தால் அக்கருவி கசிவைக் காணாமலே இருந்துவிடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் ஒருவரிடம் இதனைக் கேட்டுத் தெளிக.

இவை நம்மைக் காப்பவை. இனிச் சொல்வது முன்பின் அறியாத ஒருவரைக் காப்பது. புயலுக்குப் பின் நம் வீட்டுக்கு வெளிச்சம் தர வேற்று மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரிய ஊழியர் வருகின்றனர். கம்பியில் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்து கம்பத்தில் ஏறுகிறார் ஒருவர். அந்நேரத்தில் ஒரு வீட்டில், இருமுனையிலும் பின் உள்ள வயரைச் சுவர் பிளக்கில் செருகி ஜெனரேட்டரை இயக்குகின்றனர். மெயின் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டனர். மின்சாரம் வீட்டைத் தாண்டித் தெருக்கம்பிக்குச் செல்கிறது. 230 வோல்ட்டே ஓர் உயிரைப் போக்கப் போதும். அத்துடன் நில்லாது அது டிரான்ஸ்பார்மரை அடைந்தால் வேறொன்றும் நிகழும். 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே டிரான்ஸ்பார்மர், பின்புறமாக வரும் மின்சாரத்தை உயர்த்தி 11,000 வோல்ட்டாக மேற்கம்பிக்கு அனுப்பும். அக்கம்பக்கத்து வீடுகளின் பளு தாங்காமல் சிறிய ஜெனரேட்டர் நின்றுபோவதும் உண்டு. அறுந்து தனித்துக் கிடக்கும் கம்பியாயின் அவ்வாறு நிற்காது. இதனைத் தடுப்பது சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்றே. அதன் கைப்பிடி மின்வாரியத்தின் பக்கமோ ஜெனரேட்டரின் பக்கமோதான் இருக்க முடியும். இரண்டும் ஒருங்கே இணைய வழியில்லை. மெயினை அணைத்துவிட்டேன் என்னும் நினைவை நம்பி ஓர் உயிரை ஒப்படைக்கலாகாது. சேஞ்ச்ஓவர் இல்லாத வீட்டில், வேண்டிய விளக்கையும் மோட்டாரையும் வீட்டு வயரிங்கோடு சேர்க்காமல் நேராக ஜெனரேட்டரிலேயே இணைத்துக்கொள்வதே முறை.

திருவிழாக் காலத்தைப் பற்றியும் கூற வேண்டும். தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அதிகாலையில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் மாண்டனர். தேருக்குப் பின்னால் இணைத்திருந்த ஜெனரேட்டர் திருப்பத்தில் சிக்கியதால் தேர் சாய்ந்தது என்று அன்று செய்திகள் கூறின. 2025 மார்ச் 1ஆம் நாள் குமரி மாவட்டத்து இனயம்புத்தன்துறையில், நம் கோயில் திருவிழா ஏற்பாட்டின்போது இரும்பு ஏணி கம்பியில் பட்டு நால்வர் இறந்தனர். ஓடும் வண்டிக்கு மண்ணில் எர்த் அடிக்க இயலாது. எனவே தேர்பவனிக்கு ஜெனரேட்டரே தேவைதானா என்று பங்குப் பேரவையினர் எண்ணிப் பார்ப்பது நன்று. எல்.இ.டி. விளக்குகளுக்கு 12 வோல்ட் பேட்டரி போதும். அலங்காரம் சற்றுக் குறையும், அவ்வளவே. பவனி செல்லும் வழியில் மின்சாரத்தை நிறுத்துமாறு மின்வாரியத்திடம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

டீசல் ஊற்றும்போது என்ஜினை நிறுத்திச் சூடு தணிய விடுக. மணல் வாளி அருகிலிருக்கட்டும். பணி முடிந்ததும் முதலில் விளக்குகளையும் மோட்டாரையும் அணைத்து, என்ஜினைச் சில நிமிடங்கள் வெறுமனே ஓடவிட்டு நிறுத்துக. பிறகு வயர்களைக் கழற்றலாம். எர்த் கம்பியைக் கழற்றுவது அதற்குப் பின்னரே. சக்கரத்துக் கட்டையை எடுப்பது, வண்டி டிராக்டரில் பூட்டப்பட்ட பின்னரே.