ஏழாம் நம்பர் இரும்பு

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இரா என்று நம் பெரியோர் சொல்லி வைத்தது கோல்ப் ஆட்டக்காரர்களைப் பார்த்து அன்று. ஆயினும் அந்தப் பழமொழி அவர்களுக்குப் பொருந்துகிறாற்போல் வேறு யாருக்கும் பொருந்தாது. பை நிறைய இரும்புக் கோல்களைச் சுமந்து செல்லும் இவர்கள், ஆடாத வேளையிலெல்லாம் அடுத்தபடி எந்த இரும்பை வாங்கலாம் என்றே ஆலோசித்துக் கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஆட்டத்தைப் பற்றி நமக்கென்ன என்று முகம் சுளிக்கும் நேயர்களும் இருக்கக்கூடும். 1829-ல் கல்கத்தாவில் கோல்ப் கழகம் ஏற்பட்டது. நெடுங்காலம் வரையில் நம்மவர் அங்கே பை சுமந்தார்களே யொழிய அங்கத்தினராக இருக்கவில்லை என்பது வாஸ்தவந்தான். ஆனால் அதே கழகத்தில் புல்தரையைப் பராமரித்து வந்த ஒருவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, 2008-ல் டில்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் பந்தயத்தில் மேல்நாட்டு ஆட்டக்காரர்களையெல்லாம் பின்னே தள்ளிவிட்டு வெற்றி பெற்றார். ஆகவே இனி இதை அந்நியச் சரக்கு என்று ஒதுக்குவதற்கில்லை.

விஷயத்துக்கு வருவோம். நமது நண்பர் ஒருவர் நீலகிரியில் தேயிலைத் தோட்ட அதிகாரியாயிருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து நான்கு. அவருடைய இரும்புகள் முப்பது வருஷத்துக்கு முந்தியவை, கத்திபோல் மெல்லியவை. புதிய ஸெட்டுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். இவ்வாண்டு அவருடைய பேத்தி கல்லூரியில் சேருகிறாள். "லட்ச ரூபாயைப் பேத்தியின் படிப்பில் போடுவதா, இரும்பில் போடுவதா?" என்று அவர் மனைவியார் கேட்கும் கேள்விக்கு அவரிடம் விடையில்லை. ஆனால் பழைய இரும்பால் அடிக்குந்தோறும் முழங்கையில் சுரீரென்று வலிக்கிறதாம். இப்படியே போனால் ஆட்டத்தையே விட்டுவிட நேரும் என்கிறார். அவருக்கு அது வெறும் ஆட்டமன்று. வாரத்தில் மூன்று நாள் நாலு மைல் நடையும், நாற்பது வருஷத் தோழர் மூவருடைய சகவாசமும் அதில் அடங்கியிருக்கின்றன. "வாத்தியார் ஸார், நீங்கள் பௌதிகம் சொல்லிக் கொடுப்பவர். ஒரு வழி சொல்லுங்கள்" என்றார்.

கடைக்குச் சென்று புதிய ஏழாம் நம்பர் இரும்பால் அடித்துப் பார்த்திருக்கிறார். பழைய ஏழாம் நம்பரைக் காட்டிலும் பந்து பதினைந்து கஜம் அதிகம் போயிற்றாம். கடைக்காரர் கை தட்டினார். நண்பர் பத்து வயது இளைத்துவிட்டதாக எண்ணிக் கொண்டார். இங்கேதான் நமக்குச் சந்தேகம் பிறந்தது.

இரும்பின் முகம் பின்புறமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே பந்து எழும்புவதும் ஓடுவதும். சாய்வு அதிகமானால் உயரம் அதிகம், தூரம் குறைவு. பழைய ஏழாம் நம்பரின் சாய்வு ஏறக்குறைய 36 பாகை. இக்காலத்தில் சாதாரண ஆட்டக்காரருக்கென்று விற்கும் பல ஸெட்டுகளில் ஏழாம் நம்பருக்கு 30 பாகைகூட இல்லை; அதாவது முன்னாளைய ஐந்தாம் நம்பரின் சாய்வு. தண்டும் பெரும்பாலும் அரை அங்குலம் நீண்டிருக்கிறது. ஐந்தாம் வகுப்பின் வாசலில் 'ஏழாம் வகுப்பு' என்று பலகை மாட்டிவிட்டு, பையன்கள் ஒரே இரவில் இரண்டு வகுப்புத் தேறிவிட்டதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினால் எப்படியிருக்கும்? எந்த எண்ணுக்கு எத்தனை பாகை என்று ஆட்டத்தின் சட்டத்தில் விதி கிடையாது. ஆகையால் இதை மோசடி என்று சொல்லவும் முடியாது.

இந்த எண்களே பழங்காலத்தவையல்ல. ஒரு காலத்தில் இரும்புகளுக்கு மாஷி, நிப்லிக், க்ளீக் என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. தண்டுகள் ஹிக்கரி மரத்தால் ஆனவை. 1924-ல் அமெரிக்கச் சங்கத்தாரும், 1929-ல் ஸ்காட்லாந்தின் ஸெயிண்ட் ஆண்ட்ரூஸ் கழகத்தாரும் எஃகுத் தண்டை அனுமதித்தார்கள். மரத்தில் ஒரு தண்டைப்போல் இன்னொன்று வளைவதில்லை. எஃகிலோ ஒரே அச்சாக எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். அப்படி வரிசையாகச் செய்த ஸெட்டுகளோடுதான் எண்கள் வழக்குக்கு வந்தன. எஃகு வந்த பின்னரும் பாபி ஜோன்ஸ் 1930-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலுமாக நான்கு பெரும் பந்தயங்களையும் ஹிக்கரித் தண்டுகளைக் கொண்டே ஜயித்தார் என்பதை நண்பருக்கு நினைவூட்டினோம். "அவருக்கு முழங்கை வலியில்லை" என்றார் நண்பர். நியாயமான பதில்.

நாம் அவரை மறுபடியும் கடைக்கு அனுப்பினோம். இம்முறை புதிய ஏழாம் நம்பருக்கு எதிராகப் பழைய ஐந்தாம் நம்பரை அடிக்கச் சொன்னோம். சரியாகப் பட்ட அடிகளில் தூரம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இரண்டு வித்தியாசங்கள் தெரிந்தன: புதியதில் பந்து உயர எழும்பி மெதுவாக இறங்கிற்று, முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்ட அடிகளிலும் தூரம் அதிகம் குறையவில்லை. இது எண்ணை மாற்றி எழுதியதால் வந்த ஜாலமன்று. மெய்யான முன்னேற்றம்.

காரணம் எளிது. தோளில் காவடி சுமப்பவனைத் திருப்பிப் பாருங்கள். பாரம் இரு முனைகளிலும் தொங்குவதால் அவன் சட்டென்று திரும்புவதில்லை. அதே பாரத்தை நடுவில் கட்டினால் ஒரு விரலால் திருப்பிவிடலாம். பழைய கத்தி இரும்பில் பாரம் நடுவில் இருக்கிறது. பந்து ஓரத்தில் பட்டால் தலை திரும்பிக் கொள்கிறது. அந்த அதிர்ச்சிதான் கைக்கு வருகிறது. பாரத்தை ஓரங்களுக்குக் கொண்டு போகும் முறையைப் பிரபலப்படுத்தியவர் கார்ஸ்டன் ஸோல்ஹைம். நார்வேயிற் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா சேர்ந்தவர்; செருப்புக் கடையில் உழைத்துப் பின்னர் எஞ்சினியரானவர். நாற்பது வயதைத் தாண்டியே இந்த ஆட்டத்தைத் தொட்டார். (நாற்பதைத் தாண்டிய நமக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம்.) 1959-ல் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் செய்த உருட்டுக் கோலில் தொடங்கி, அந்த யுக்தியை இரும்புகளுக்கும் கொண்டுவந்தார். புதிய இரும்புகளில் பாரம் கீழேயும் இறங்கியிருப்பதால், சாய்வு குறைந்தும் பந்து எழும்புகிறது.

புதிய ஸெட்டினால் வரும் உபத்திரவம் ஒன்றைக் கடைக்காரர் சொல்லமாட்டார். கடைசி இரும்பாகிய பிட்சிங் வெட்ஜ் முன்பு 50 பாகைக்குக் கிட்ட இருந்தது, இப்போது 44. மணற் குழிக்கான இரும்போ 56-லேயே நிற்கிறது. மற்ற இரும்புகளுக்கு நடுவே நாலைந்து பாகை வித்தியாசம் இருக்க, இங்கே மட்டும் பன்னிரண்டு. அந்தப் பள்ளத்தை நிரப்ப இன்னொரு இரும்பு வாங்க வேண்டும். பையில் பதினான்குக்கு மேல் கூடாது என்ற விதி 1938 முதல் அமெரிக்காவிலும், மறு வருஷம் முதல் பிரிட்டனிலும் அமலுக்கு வந்தது. ஆதலால் எதையாவது வெளியேற்றவும் வேண்டியிருக்கும்.

முழங்கைக்கு என்ன செய்வது? எஃகுத் தண்டு நூறு கிராமுக்கு மேல் நிறுக்கும்; கிராபைட் தண்டு எழுபது கிராம் அளவில் நிற்பதுடன் அதிர்ச்சியையும் குறைத்துத் தருகிறது. கைப்பிடி ரப்பரோ முப்பது வருஷத்தில் கல்லாய் இறுகியிருந்தது. வழுக்காமலிருக்க நண்பர் அதைக் குரங்குப் பிடியாகப் பிடித்து வந்திருக்கிறார். அதுவே பாதி வலிக்குக் காரணமாயிருக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமும் கோணல்தான். காய்ச்சி அடித்த மென்மையான இரும்பு வருஷக்கணக்கில் தரையில் மோதிச் சிறிது சிறிதாக வளைந்துவிடும். அளந்து பார்த்ததில் இரண்டு இரும்புகள் கோணியிருந்தன. மென்மையான இரும்பாகையால் திருப்பி வளைத்துக் கொள்ளலாம். வார்ப்பிரும்பானால் அவ்வளவு சுலபமாக இணங்காது.

நமது அபிப்பிராயம் இது: பேத்தியின் பணத்தைத் தொட வேண்டாம். முதலில் ஏழாம் நம்பருக்கு மட்டும் கிராபைட் தண்டும் புதுக் கைப்பிடியும் போட்டு ஒரு மாதம் ஆடிப் பார்க்கட்டும். வலி நின்றால் மற்றவற்றுக்கும் அப்படியே செய்து, அடிக்கக் கஷ்டமான மூன்றாம் நான்காம் நம்பர்களை நிறுத்திவிட்டு, அவற்றின் ஸ்தானத்தில் ஒரே ஒரு ஹைப்ரிட் வாங்கலாம். வலி நிற்காவிட்டால் புது இரும்பே வேண்டும். அப்போதும் நாலைந்து வருஷம் பழகிய கைமாற்று ஸெட்டே போதும். நாலு வருஷத்தில் காவடியின் தத்துவம் மாறிவிடாது.

ஏழாம் நம்பர் கோயமுத்தூருக்குப் போயிருக்கிறது. "ஒன்று போயிற்று, மற்ற எட்டும் எப்போது?" என்று அவர் மனைவியார் கேட்டுக் கொண்டிருப்பதாகக் கேள்வி.